சாப்பாட்டு மேசை மேல் ஒரு மேடு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அதன் மேல் ஒரு மேடு இருக்கிறது. மேட்டுக்குக் கீழே ஆறு, ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம், இரண்டு கரையிலும் பாதிச் சுண்டுவிரல் உயரத்தில் நானூற்றுச் சொச்சம் சிப்பாய்கள். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறோம். வீட்டுக்கு வருகிற யாராவது, "பொம்மையெல்லாம் எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப் போகும். "பொம்மை இல்லீங்க, படை" என்பார். நான் வேண்டுமென்றே பொம்மை என்றுதான் சொல்வேன். மேசையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த ஆறுதலாவது வேண்டாமா?

அவருக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜன்னல் பாதி மட்டும் திறக்கும் ஒரு சின்ன அறை. டாக்டர் எடுத்து அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஆளுக்குத் தகுந்த நிறம் பார்த்து, ராவித் தேய்த்துக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேருடைய வாயை அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. தெருவில் யாராவது சிரித்துவிட்டுப் போனால், "மேல் வரிசை நம்ம வேலை" என்பார். ஆள் யார் என்று கேட்டால் விழிப்பார். ஆஸ்பத்திரியில் மீந்த பிளாஸ்டர்தான் வீட்டில் மேடாகவும் ஆற்றங்கரையாகவும் ஆனது. பல் ஈறுக்கு வண்ணம் தீட்டுகிற அதே மெல்லிய தூரிகையால்தான் குதிரைக்குக் கண் வைப்பார்.

தெருவில் அவருக்குத் தளபதி என்று பெயர். ஒரு படையையே ஆற்றில் இறக்கிவிடுகிற தளபதி, குளியலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்.

பழைய காலத்துச் சண்டை ஒன்றை எடுத்துக்கொள்வது, அது நடந்த இடத்தை மேசை மேல் கட்டுவது, அன்றைக்கு நின்ற மாதிரியே படைகளை நிறுத்துவது, பிறகு டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, மறுபடியும் சண்டை போட்டுப் பார்ப்பது. விளையாட்டு இவ்வளவுதான். இதற்கு ஊருக்கு ஊர் ஆட்கள் உண்டு, சங்கம் உண்டு, வருஷத்துக்கு ஒரு வட்டார மாநாடு உண்டு என்றால் நம்புவீர்களா? கல்யாணமான புதிதில் நானும் நம்பவில்லை. மாநாட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மனிதர் திரும்பி வந்ததும், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பஞ்சில் சுற்றிய அறுபது குதிரைகள் இருந்தன. அப்பாடா என்று மூடி வைத்தேன்.

எங்கள் மேசையில் நடப்பது ஒரே சண்டைதான். ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் ஆற்றங்கரையில் ஒரு மேடு வரும். அங்கே முன்னொரு காலத்தில் நடந்தது. மேட்டில் இருந்தது சின்னப் படை. ஆற்றைக் கடந்து வந்தது பெரிய படை. துணைக்கு ஆள் வருகிற வரைக்கும் மேட்டை விடக் கூடாது என்று மேட்டுத் தளபதிக்கு உத்தரவு. துணைக்கு யாரும் வரவில்லை. அவர் கடைசிவரை அங்கேயே நின்றார். சரித்திரத்தில் அவரைப் பற்றி இருப்பது அந்த ஒரு வரிதான், அதற்கு மேல் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுப் பக்கம் என் வீட்டுக்காரர், மேட்டுப் பக்கம் என் அண்ணன். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடப் பக்கம் மாறியதில்லை. "எப்பப் பாத்தாலும் தோக்குற பக்கத்தையே ஏண்ணா எடுத்துக்கற?" என்று கேட்டால், "நடந்து நடந்து கால் விட்டுப்போச்சு பாப்பா. இங்கதான் ஒரே எடத்துல நிக்கலாம்" என்பார்.

அண்ணனுக்கு மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. காலையில் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் வரை வீடு வீடாக நடை. எந்த வீட்டு மாடிப்படியில் எத்தனையாவது படி ஆடும் என்று தெரியும். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்றும் தெரியும். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "என்னப் பாத்தா ஊர்ல இருக்குற எல்லா நாயும் குரைக்குது, எந்தப் பொண்ணுங்க துணிஞ்சு வரும்?" என்பார். எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அது முதல் வேலையாக அந்தப் படையைத்தான் உடைத்திருக்கும். ஆக, வீட்டில் பிள்ளைகள் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒருத்தர் கட்டிக்கொண்டவர், ஒருத்தர் கூடப் பிறந்தவர்.

மேட்டுத் தளபதியின் சிலையை என் வீட்டுக்காரர் தனியாகச் செய்திருந்தார். அண்ணனுடைய வளைந்த மூக்கு, முன் வழுக்கை, தோளில் ஒரு தம்மாத்துண்டுப் பை. அந்தக் காலத்துத் தளபதிக்கு எதற்குப் பை என்று சங்கத்துக்காரர்கள் கேட்டபோது, "மீட்டர் பாக்கணும்ல" என்று பதில் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கையிலிருந்து பகடை நழுவியது. சிரித்தோம். அடுத்த வாரமும் நழுவியது. டேப்பைப் பிடிக்க முடியவில்லை. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு சாப்பாட்டுக் கரண்டி, பிறகு மாடிப்படி. நரம்பு டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகிறது என்றார். மருந்து இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது என்றார். "வேற எங்கயாவது கொண்டுபோய்க் காட்டலாமா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "தாராளமா காட்டுங்க" என்று டாக்டர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. 

காட்டினோம். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அண்ணனுக்கு நாங்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தன் உடம்பில் எந்த அறையில் விளக்கு அணைகிறது என்று அவருக்குத் தெரியாதா? நான்தான் அடுப்படியில் நின்று அழுதேன். அழுது என்ன ஆகப் போகிறது என்று எனக்கே கோபம் வரும், கொஞ்ச நேரம் பாத்திரத்தை உருட்டுவேன்.

விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுவார், என் வீட்டுக்காரர் நகர்த்துவார். "மச்சான், குதிரைப்படை?" "இடது பக்கம் ரெண்டு அங்குலம் தள்ளு மாப்ள." கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகச் சிப்பாயை இடுப்பில் பிடித்துத் தூக்கி, சொன்ன இடத்தில் வைப்பார். எதிரிக்குப் படை நகர்த்துவதில் ஒரு நூல்கூடப் பிசகமாட்டார். ஆனாலும் அண்ணன் விடமாட்டார். "வெரல எடு, பாப்போம். ரெண்டா ஒண்ணரையா?" என்று கண்ணில் விரலை விட்டு ஆட்டுவார்.

அந்த வருஷம்தான் மாநாட்டை எங்கள் ஊரில் நடத்தும் முறை வந்தது. என் வீட்டுக்காரர் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு வாங்கியது. வந்த நேரத்தைப் பாருங்கள். "வேணாம்னு சொல்லிடுங்க, இப்ப இருக்குற நெலமையில யாரு ஓடியாடிப் பாக்குறது?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் முன்னறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"மாப்ள, மாநாட்டுக்கு வர்றவங்கள அந்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

"போகலாம் மச்சான்."

"நானும் வரேன். ஒரு தடவ அங்க நிக்கணும்."

அண்ணன் அதுவரை அந்த மேட்டைப் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் கூப்பிடும்போதெல்லாம், வாரம் பூரா நடக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும் நடக்க வேண்டுமா என்று தட்டிக் கழித்துவிடுவார். இப்போது அவராக வாய் திறந்து கேட்ட பிறகு மாநாடு வேண்டாம் என்று யார் சொல்வது? 

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. கூடம் வேண்டும், அதுவும் தரைத்தளத்தில் வேண்டும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டுக் கூடத்தைப் பிடித்தார். மேசை வாடகைக்கு எடுக்கிற இடத்தில் ஒவ்வொரு மேசையாகப் போட்டு அதில் பகடையை உருட்டிப் பார்த்தார். ஆடுகிற மேசையைக் கழித்துவிட்டார். கடைக்காரன் என்னைப் பார்த்து, சாருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டான். வருகிறவர்கள் தங்க இடம், கழுத்தில் மாட்ட அட்டை, எந்த மேசையில் எந்தச் சண்டை, நாள் பூரா குனிந்து நிற்கிறவர்கள் முதுகு சாய்க்க நாற்காலி. கணவர்களோடு வந்து கொட்டாவி விடப் போகும் மனைவிமார்களுக்கு என்ன செய்வது என்பதை என் தலையில் கட்டினார்.

இரண்டாம் நாள் காலையில் ஊர் சுற்றிக் காட்டுவது என்று முடிவு. பழைய நீதிமன்றக் கட்டடம், பூங்காவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பீரங்கி, ஆற்றில் நிற்கும் பழைய பாலத்தின் தூண்கள், கடைசியாக மேடு. சங்கத் தலைவர் பக்கத்து ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "வர்றவங்க வெளையாட வர்றாங்க. கல்லையும் மண்ணையும் காட்டி நேரத்த ஏன் வீணாக்கணும்?" என்று போனில் கத்தினார். என் வீட்டுக்காரர் வழக்கமாகத் தலைவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசமாட்டார். இந்தத் தடவை ஒற்றைக் காலில் நின்றார். "மேடு இல்லன்னா மாநாடு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். 

மாநாடு நெருங்க நெருங்க அண்ணன் கால்கள் சுத்தமாக நின்றுவிட்டன. சக்கர நாற்காலி வந்தது. "பரவால்ல மாப்ள, உக்காந்துக்கிட்டே நிக்கிறேன்" என்றார். நாக்கும் தடித்துவிட்டது. பேசுவது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் உடனே புரியும்.

ஒருநாள் நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியின் அகலத்துக்குக் கணக்குப் போட்டு ஒரு நக அளவு அட்டை வெட்டியிருந்தார். அதை ஆற்றங்கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனார். பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கும், இங்கிருந்து இப்படி, முதல் தட்டு, இங்கே திரும்பி இரண்டாவது தட்டு, அப்புறம் மூன்றாவது, அப்புறம் உச்சி. அட்டை எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போய் மேட்டுத் தளபதியின் காலடியில் நின்றது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டில் மேடு கட்டுகிறவர்கள் சரிவாகக் கட்டமாட்டார்கள். சரிவாகக் கட்டினால் பொம்மை நிற்காது, சாய்ந்து உருண்டுவிடும். அதனால் தெர்மாகோலை அகல அகலமாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, தட்டுத் தட்டாக, பெரிய படிக்கட்டு மாதிரி கட்டி அதன் மேல் பிளாஸ்டரைப் பூசுவார்கள். யார் வீட்டு மேடும் அப்படித்தான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான். பொம்மைக்கு ஒரு அளவு, நிலத்துக்கு ஒரு அளவு, மேட்டுக்கு இஷ்டத்துக்கு ஒரு அளவு என்று விளக்கி விளக்கி என் உயிரை எடுத்திருக்கிறார். ஆனால் அந்தத் தட்டுகளை வருஷக்கணக்காகத் தினமும் பார்த்துப் பார்த்து, அவர் மனசில் மேடே அப்படித்தான் இருந்திருக்கிறது. அதில் சக்கர நாற்காலி என்ன, குழந்தை சைக்கிளே ஓட்டலாம்.

"நேர்ல ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாத மேடா? கண்ணக் கட்டி விட்டாக்கூட ஏறிடுவேன்."

"கடைசியா எப்பப் போனீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"அப்ப எப்படி ஏறுனீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஏறுனது ஞாபகமில்ல. மேல நின்னேன். கீழ ஆறு தெரிஞ்சுது. நல்ல காத்து."

இருபது வயசில் ஏறியவனுக்கு ஏறியது எப்படி ஞாபகம் இருக்கும்? மறுபடியும் சொன்னேன், இன்னொரு தடவையும் சொன்னேன். அண்ணனைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, ஆஸ்பத்திரியில் விடுப்புக் கொடுக்கவில்லை, கூடத்தில் விளக்கு சரியில்லை, ஒன்று போனால் ஒன்று. பஸ் டிரைவரிடம் மட்டும், வண்டி மேட்டடி வரைக்கும் போகுமா என்று கேட்டார். போகும் என்றார் டிரைவர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அத்தோடு அது முடிந்தது.

முதல் நாள் மாநாட்டைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக நடந்தது. வாசலில் மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் பெட்டி, மெக்கானிக் பெட்டி, மருந்துப் பெட்டி என்று ஆளுக்கு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்கள். எல்லாவற்றிலும் படை. ஒரு குதிரை பழுப்பா சாம்பலா என்று இரண்டு பெரிய மனிதர்கள் காலையிலிருந்து மத்தியானம் வரை பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். நடு மேசையில் எங்கள் மேடு. அண்ணன் உத்தரவு போட, என் வீட்டுக்காரர் நகர்த்த, சுற்றிலும் கூட்டம். அண்ணன் சொல்வது மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் யாரும் நகரவில்லை. கடைசிச் சுற்று வரை மேட்டுத் தளபதி நின்றார். கைதட்டினார்கள். அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் அந்த மேசையை மன்னித்துவிட்டேன்.

மறுநாள் நீதிமன்றம், பீரங்கி, தூண்கள் எல்லாம் பார்த்து முடித்து பஸ் மேட்டடியில் போய் நின்றது. முதலில் இறங்கியவர் என் வீட்டுக்காரர். இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். அவர் முதுகு தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மேடு செங்குத்தாக இருந்தது. பாறையும் சரளைக்கல்லும் முள்ளுமாக, நடுவில் ஒரு ஆள் போகிற ஒற்றையடிப் பாதை. பாதையும் நேராகப் போகவில்லை, வளைந்து வளைந்து ஏறியது. உச்சியைப் பார்க்க நான் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. டிரைவரும் இன்னொருவருமாக அண்ணனை நாற்காலியோடு இறக்கி வைத்தார்கள். அண்ணனுக்குக் கழுத்தை நிமிர்த்த முடியாது. நான் பின்னால் நின்று அவர் நெற்றியைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினேன். பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான்.

"மாப்ள, தட்டெல்லாம் எங்க காணோம்?"

என் வீட்டுக்காரர் திரும்பினார். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது.

"தூக்கிடலாம்" என்றார் தலைவர். சுற்றுலாவே வேண்டாம் என்ற மனிதர்தான் முதலில் சட்டைக் கையை மடித்தார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எல்லோருக்கும் தொப்பை, எல்லோருக்கும் மூச்சு வாங்கும் வயசு. நாற்காலியின் நான்கு மூலையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள். பாதையோ ஒரு ஆளுக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் முள்ளில் நடந்தார்கள். முதல் வளைவுக்குக்கூடப் போகவில்லை, தலைவருக்குச் சரளை வழுக்கி, முழங்கால் தரையில் மோதியது. நாற்காலி சாய்ந்தது. அண்ணன் தலை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது, அதை நிமிர்த்த அவரால் முடியவில்லை. நான் கத்தியது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"எறக்குங்க" என்றார் அண்ணன். அவர்களுக்குப் புரியவில்லை. "எறக்குங்கன்னு சொல்றாரு!" என்று நான்தான் அலறினேன்.

இறக்கினார்கள். தலைவரின் முழங்காலில் ரத்தம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அண்ணனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதுகைக் காட்டினார்.

"ஏறிக்க மச்சான். நான் தூக்கிட்டுப் போறேன்."

"எத வச்சுப் புடிச்சு ஏறுறது மாப்ள?"

நானும் டிரைவரும் அண்ணனைத் தூக்கி அவர் முதுகில் சாய்த்தோம். அண்ணன் கைகளை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். விட்டதும் இரண்டும் நழுவி விழுந்தன. மறுபடியும் போட்டேன். மறுபடியும் விழுந்தன. என் துப்பட்டாவை எடுத்துக் கட்டலாமா என்றுகூடப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எழுந்திருக்க முயன்று முன்னால் மண்டியிட்டார். அண்ணன் அவர் முதுகில் முகம் புதைந்தபடி, "போதும்" என்றார். பிறகு, "மூச்சு முட்டுது" என்றார். நாற்காலிக்கே கொண்டு வந்தோம்.

கையைப் பிசைந்துகொண்டு நிற்பது என்று சொல்வார்களே, அன்றைக்கு அங்கே முப்பது பேர் அப்படி நின்றோம். முந்தின நாள் ஆளுக்கு ஆயிரம் பேரை நகர்த்தியவர்கள். சும்மா கிடக்கிற ஒரு மேட்டின் மேல் ஒரு மனிதரைக் கொண்டுபோய் வைக்க வழி தெரியவில்லை.

"மாப்ள, நீ மேல போ. வந்தவங்களுக்குச் சண்டையச் சொல்லு. எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பாங்க?" என்றார் அண்ணன்.

"நான் போகல."

"நீ போகலன்னா நான் இவ்ளோ தூரம் வந்தது என்னத்துக்கு? போ."

அவர் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இறங்கி வந்துவிடுவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நாற்காலியைப் பஸ் நிழலுக்கு நகர்த்தி, அண்ணன் தலைக்குப் பின்னால் என் கைப்பையை முட்டுக்கொடுத்து, உச்சி தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தேன். அவர் கன்னத்தில் ஈரமாக இருந்ததைத் துடைத்தேன். அது யார் கண்ணீர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் உச்சியில் ஆட்கள் முளைத்தார்கள். எல்லோரும் சின்னச் சின்னதாக இருந்தார்கள். என் வீட்டுக்காரரின் கோடு போட்ட சட்டை மட்டும் அடையாளம் தெரிந்தது.

"பாப்பா, பாத்தியா? மாப்ளகூடப் பொம்மைதான்."

"பொம்மைன்னு சொன்னா அவருக்குக் கோவம் வரும்ணா."

"போன் போடு."

போட்டேன். அண்ணன் வாயருகே பிடித்தேன். மேலே அந்தக் கோடு போட்ட சட்டை காதில் கையை வைத்தது.

"மாப்ள, தப்பான எடத்துல நிக்கிற. அது குதிரைப்படை நின்ன எடம்" என்றார் அண்ணன்.

போனில் காற்று மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிற அதே குரல்.

"எங்க மச்சான்?"

"எடது பக்கம். இன்னும். அந்தப் பாறை வரைக்கும்."

கோடு போட்ட சட்டை நகர்ந்தது. கூட்டம் ஒன்றும் புரியாமல் ஒதுங்கி வழிவிட்டது. "முன்னாடி ரெண்டு அங்குலம்" என்றார் அண்ணன். மேலே அவர் இரண்டு எட்டு வைத்தார். "ரெண்டா ஒண்ணரையா?" என்றார் அண்ணன். இன்னும் அரை எட்டு வைத்தார். ஆற்றைப் பார்த்துத் திரும்பச் சொன்னார், திரும்பினார்.

"நில்லு. அங்கதான். நான் அங்கதான் நிக்கிறேன்."

அவர் நின்றார். காலைச் சேர்த்து, கையைத் தொங்கவிட்டு, சொன்ன இடத்தில் ஆடாமல் நின்றார். விளக்கம் கேட்கக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு தூரத்தில் என் வீட்டுக்காரரின் முகம் எனக்குத் தெரியவில்லை. போனில் மட்டும் அவர் மூச்சு விட்டு விட்டு வந்தது, அழுகிறார் என்று தெரிந்தது. போனைப் பிடித்திருந்த என் கை வலித்தது. மாற்றினால் தொடர்பு அறுந்துவிடுமோ என்று மாற்றாமலே பிடித்திருந்தேன்.

 அண்ணன் கண்ணை இமைக்காமல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. மேலே கூட்டத்தில் யாருடைய குழந்தையோ அழத் தொடங்கி, ஒவ்வொருவராகக் கீழே இறங்க ஆரம்பித்தார்கள். டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் உச்சியில் அவர் மட்டும் இருந்தார். அண்ணன் உத்தரவு இல்லாமல் அவர் நகரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"எல்லாரும் எறங்கிட்டாங்கண்ணா" என்றேன். "அவர வரச் சொல்லவா?"

"இரு பாப்பா" என்றார் அண்ணன். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்."